இரண்டு டிகிரியில் மழை, நான்கு டிகிரியில் பனி

நாளை, வெள்ளிக்கிழமை இரவு, பனி பொழியக்கூடும். புல்லில் துளியாக நிற்பதையும் காலையில் பாதையை மறைப்பதையும் தமிழில் பனி என்றே சொல்கிறோம். நான் சொல்வது மேகத்திலிருந்து வெள்ளை வெள்ளையாக இறங்குகிற பனியை. குளிர்காலத்தின் உச்சத்திலும் வெப்பமானி உறைநிலைக்கு மேலேயே நின்றுவிடும் இடத்தில் வாழ்பவர்களுக்குத்தான் இந்த ஒரு வரி தூக்கத்தைக் கெடுக்கும். கடைசியாக என் ஜன்னலுக்கு வெளியே அது தரையில் தங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன.

சென்ற சனிக்கிழமைதான் முதலில் கண்ணில் பட்டது. வானிலையைக் கணிக்கும் அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் என்ற கணினி மாதிரி ஒரு நாளைக்கு நான்கு முறை ஓடுகிறது, பதினாறு நாள் தள்ளி வரைக்கும் படம் போட்டுக் காட்டுகிறது. அந்தப் பதினாறு நாளில் கடைசிப் பத்து நாளை நான் பார்ப்பதே இல்லை. பத்து நாளுக்கு அப்பால், பனி என்று படத்தில் தெரியும் நீலத் திட்டை எடுத்து நாலு பேருக்கு அனுப்புவது தவறு என்றே நினைக்கிறேன். அனுப்பியவர் மறந்துவிடுவார், நம்பியவர் காத்திருப்பார். ஆனால் இது ஆறே நாள். எனக்கு வானிலை வரைபடம் பார்க்கக் கற்றுக்கொடுத்த அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவருக்கு அனுப்பினேன். “மூன்று நாளுக்குள் வரட்டும் தங்கச்சி, பிறகு பேசுவோம்” என்று பதில் வந்தது.

அன்றிலிருந்து ஐரோப்பிய வானிலைக் கணிப்பு மையத்தின் கணிப்பையே பிடித்துக்கொண்டிருக்கிறேன். அவர்கள் ஒரே ஒரு கணிப்போடு நிறுத்துவதில்லை. தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றி 51 முறை ஓட்டுகிறார்கள். இந்தக் கூட்டுக் கணிப்பு முறையை 1992-இலிருந்தே நடத்திவருகிறார்கள். இன்றைய காற்றை யாராலும் முழுத் துல்லியமாக அளந்துவிட முடியாது, அந்தச் சின்னப் பிழை நாள் போகப்போகப் பெருகும் என்பதுதான் காரணம். ஞாயிற்றுக்கிழமை 51-இல் ஒன்பதில் பனி இருந்தது. செவ்வாய்க்கிழமை இருபத்து மூன்று. புதன் காலை பன்னிரண்டாக இறங்கியபோது காப்பி ஆறுவது தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். இன்று மாலை முப்பத்து ஒன்று. அண்ணனே இப்போது தொலைபேசியில் அழைத்துப் பேசுகிறார்.

மிதமான குளிர்காலம் உள்ள இடங்களில் சிக்கல் எப்போதும் ஒன்றுதான். குளிர் வந்தால் ஈரம் வராது, ஈரம் வந்தால் குளிர் போய்விடும். நிலப்பரப்பின் உள்ளிருந்து வரும் காற்று நன்றாகக் குளிர்ந்திருக்கும், ஆனால் உலர்ந்திருக்கும், வானம் துடைத்துவிட்டது போல இருக்கும். கடலிலிருந்து மேகத்தைத் தள்ளிக்கொண்டு வரும் காற்று வெப்பத்தையும் சேர்த்தே கொண்டுவரும். இரண்டும் சில மணி நேரம் ஒன்றின் மேல் ஒன்று படிந்தால்தான் பனி. ஈரக்காற்று ஆறு மணி நேரம் முந்தினாலும் மழை, பிந்தினாலும் வெறும் குளிர். 850 மில்லிபார் மட்டத்தில், அதாவது ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில், வெப்பநிலை என்ன என்று நாங்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதற்காகத்தான். நாளை இரவுக்கு அங்கே மைனஸ் ஆறு காட்டுகிறது. போதும். மீதிப் போராட்டம் தரைக்கு அருகே இருக்கும் சில நூறு மீட்டரில்.

அந்தச் சில நூறு மீட்டரில் நான் ஒரு முறை நன்றாக ஏமாந்தேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன், இரவு ஒரு மணி. வெப்பமானியில் இரண்டு டிகிரி, வாசலை நோக்கி மழைமேகம். இனி பனிதான் என்று முடிவு கட்டி மகளை எழுப்பிவிட்டேன். அப்போது அவளுக்கு ஏழு வயது. கம்பளித் தொப்பியை மாட்டிக்கொண்டு இருபது நிமிடம் ஜன்னலோரம் நின்றாள். மழை பெய்தது, மழையாகவே பெய்தது. ஒன்றும் சொல்லாமல் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் படுக்கப் போனாள். அந்தத் தொப்பி மறுநாள் முழுவதும் அங்கேயே கிடந்தது.

அன்று நான் ஈரப்பதத்தைப் பார்க்கவில்லை. 98 சதவீதம். காற்று ஏற்கெனவே நீரை நிறையக் குடித்திருந்தது, இனிக் குளிர்வதற்கு வழியே இல்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன் பனி பெய்த இரவோ நான்கு டிகிரியில் தொடங்கியது. ஈரப்பதம் 50 சதவீதம்தான். உலர்ந்த காற்றுக்குள் விழும் முதல் துளிகள் ஆவியாகும், ஆவியாகும்போது காற்றின் வெப்பத்தை உறிஞ்சும். ஒரு கிராம் பனிக்கட்டி உருக எடுத்துக்கொள்வதைப்போல ஏழு மடங்குக்கும் மேல் வெப்பத்தை ஒரு கிராம் நீர் ஆவியாக எடுத்துக்கொள்ளும். அரை மணி நேரத்தில் வெப்பமானி ஒன்றுக்கு வந்தது. மழையின் சத்தம் அடங்கியது. தெருவிளக்கின் வெளிச்சத்தில் நேர்க்கோடாக இறங்கிக்கொண்டிருந்தவை மெல்லத் தயங்கின, பக்கவாட்டில் நகர்ந்தன, ஒன்று மேலே கூடப் போனது. அந்த ஒன்றை நான் இன்னும் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு சாதாரண வெப்பநிலையை மட்டும் நம்புவதை விட்டுவிட்டேன். பார்க்க வேண்டியது ஈரக்குமிழ் வெப்பநிலை. கருவி ஒன்றும் பெரிதில்லை. இரண்டு வெப்பமானிகள், ஒன்றின் குமிழில் மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றி நூலால் கட்டி, துணியின் வாலைக் காய்ச்சி வடித்த நீருள்ள சிறு சீசாவில் விட்டிருக்கிறேன். நிழலில், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் தொங்குகின்றன. துணி அழுக்கானால் கணக்குத் தப்பும், அதனால் வாரம் ஒரு முறை மாற்றுவேன். விசிறியால் இரண்டு நிமிடம் வீசிவிட்டுப் படித்தால், மழை தொடங்கிய பிறகு காற்று எதுவரை குளிரும் என்பது தெரிந்துவிடும். அது அரை டிகிரிக்குக் கீழே நின்றால் நான் தூங்க மாட்டேன்.

நடக்காத இடத்தில் நடந்ததும் உண்டு. மயாமியில் 1977 ஜனவரி 19 காலை பனித் துகள்கள் பறந்தன. டெக்சஸின் தென்கோடியில் உள்ள பிரவுன்ஸ்வில்லில் 1895-க்குப் பிறகு அளக்கக்கூடிய பனி பெய்தது 2004 கிறிஸ்துமஸ் அன்று. பாக்தாதில் 2008 ஜனவரியில் பெய்தது, 2020 பிப்ரவரியில் மறுபடியும். அந்த 109 ஆண்டு இடைவெளியில் பிரவுன்ஸ்வில்லில் பிறந்து, காத்திருந்து, பார்க்காமலே போனவர்களை நினைத்துக்கொள்வேன். எனக்கு ஆறு ஆண்டு.

நாளைக்கு வேண்டியதை எடுத்து வைத்துவிட்டேன். ஒரு கறுப்புக் கம்பளித் துண்டு ஃப்ரீசருக்குள் போய்விட்டது. அது குளிர்ந்திருந்தால்தான் அதில் விழும் படிகம் உடனே கரையாமல் நிற்கும். அமெரிக்காவில் வெர்மான்ட்டின் ஜெரிக்கோவில் பண்ணை வைத்திருந்த வில்சன் பென்ட்லி, 1885-இல் நுண்ணோக்கியோடு கேமராவைப் பொருத்திப் பனிப் படிகத்தைப் படம் எடுத்தார், பிறகு ஐயாயிரத்துக்கும் மேல் எடுத்தார். அவருக்குக் கிடைத்த தனித்தனி ஆறுகிளை நட்சத்திரங்கள் எனக்குக் கிடைப்பது கடினம். அவை மைனஸ் 15 டிகிரிக்கு அருகில் நன்றாக வளர்பவை. உறைநிலையை ஒட்டிய காற்றுக்குள் இறங்கும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கொத்தாக விழும். கொத்தின் ஓரத்தில் ஒரு முழுக் கிளையாவது தெரியும், லென்ஸைக் கொண்டுபோவதற்குள் முனை உருண்டு நீராகிவிடும். போன முறை அப்படித்தான் ஒன்றே ஒன்றைப் பார்த்தேன்.

இப்போது வியாழக்கிழமை இரவு ஒன்பதரை. வெளியே 3.4 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம், ஈரத்துணி வெப்பமானியில் 0.7. நாளை இதைவிடக் கொஞ்சம் உலர்ந்த காற்று வர வேண்டும். மேகம் பதினொரு மணிக்கு முன்னால் வந்துவிடக் கூடாது.

மகள் படுக்கப் போகுமுன் வந்து கேட்டாள். “முப்பத்து ஒன்று என்றால் நிறையவா அம்மா?” பாதிக்கு மேல் என்றேன். “சரி, எந்த நேரமானாலும் எழுப்புங்கள்” என்று சொல்லிவிட்டு, அந்தத் தொப்பியை எடுத்துத் தலையணைக்கு அருகே வைத்துக்கொண்டாள்.