கனத்த ட்ரைபாடும் கட்டில் நாடாவும்

என்னிடம் இருப்பது, ஒன்றுக்குள் ஒன்று நுழையும் மூன்று அடுக்குக் கால்களும் லீவர் பூட்டுகளும் கொண்ட அலுமினிய ட்ரைபாட், அதாவது கேமராவை அசையாமல் நிறுத்தும் முக்காலி. கேமராவைப் பொருத்தும் தலைப்பகுதியையும் சேர்த்தால் நாலரைக் கிலோவுக்குக் குறையாது. மடித்த பிறகும் முக்கால் மீட்டருக்கு மேல் நீளம் நிற்கும். கிருஷ்ணகிரி அணையின் நீர்ப்பரப்பை ஒட்டிப் பறவைகளைப் படமெடுக்கவும், தருமபுரிப் பக்கம் வத்தல்மலையில் விடியற்காலை மூடுபனியைப் பிடிக்கவும் இதைத்தான் தூக்கிச் செல்கிறேன். இலேசான கார்பன் ஃபைபர் ட்ரைபாட் ஒன்றை வாங்கிவிடலாமே என்று கேட்பவர்களுக்கு என் பதில், விலையைத் தவிர இன்னொரு காரணமும் இருக்கிறது என்பதே. அணையின் கரையில் தடையில்லாமல் வீசும் காற்றில் நீண்ட லென்ஸ் ஒரு பாய்மரத்தைப் போல அசையும்; அப்போது இந்தக் கனம்தான் படத்தைக் காப்பாற்றுகிறது. இலேசான ட்ரைபாடின் கால்களுக்கு நடுவே ஏறி இறங்கும் நடுத்தண்டில் பையைத் தொங்கவிட்டுக் கனம் ஏற்றலாம் என்றாலும், பலத்த காற்றில் அந்தப் பையே ஊசலாடி அதிர்வை உண்டாக்கிவிடும். ஆகவே கனத்தைக் குறைக்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, சுமக்கும் முறையை மாற்றும் வேலையில் இறங்கினேன்.

ட்ரைபாடுடன் வந்த பையின் பட்டை ஓர் அங்குல அகலமே இருந்தது. அதைத் தோளில் மாட்டி வயல் வரப்பில் சிறிது தூரம் நடந்தாலே கழுத்தோரம் சிவந்துவிடும். அந்தப் பையின் பெரிய குறை பட்டையின் அகலத்தில் இல்லை, அது தைக்கப்பட்ட இடத்தில் இருக்கிறது என்பது ட்ரைபாடை மடித்து ஒரு மரக்கழியின் மேல் குறுக்காக வைத்துப் பார்த்தபோது விளங்கியது. தலைப்பகுதி கனமானது என்பதால் ட்ரைபாட் சமநிலையில் நிற்கும் புள்ளி நீளத்தின் நடுவில் இல்லாமல், தலையிலிருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குத் தொலைவிலேயே அமைந்திருந்தது. பையின் பட்டையோ இரு முனைகளுக்கும் சமதூரத்தில், நடுவை மையமாகக் கொண்டு தைக்கப்பட்டிருந்தது. நடக்க நடக்கத் தலைப்பக்கம் தாழ்ந்துகொண்டே வந்து இடுப்பில் இடிப்பதும், அதைத் தூக்கிப் பிடிக்க ஒரு கை எப்போதும் வேலையில் இருப்பதும் இதனால்தான். கனமான ட்ரைபாட் வைத்திருப்போர் யாராயினும் முதலில் இந்தச் சமநிலைப் புள்ளியைக் கண்டுபிடித்துச் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டுக்கொள்வது நல்லது. பட்டை எங்கே இருக்க வேண்டும், கை எங்கே பிடிக்க வேண்டும் என்ற இரண்டுக்கும் அந்தக் கோடே விடை சொல்லும்.

பையை ஒதுக்கிவிட்டு, வெறும் ட்ரைபாடைத் தோளில் சாய்த்துச் சுமந்து பார்த்தேன். இந்த முறையில் இரண்டு கால்கள் தோளில் படிந்திருக்க, மூன்றாவது கால் மேலே நிற்கும். ஆகையால் மூன்று கால்களுக்கும் மெத்தை கட்டத் தேவையில்லை. ஏசி பொருத்துபவர்கள் செம்புக் குழாயின் மேல் மாட்டும் கறுப்பு நுரைக்குழாயை வாங்கி, பிளேடால் நீளவாக்கில் கீறி, இரண்டு கால்களின் மேல் அடுக்கில் மட்டும் மாட்டினேன். மூன்றிலும் மாட்டினால் கால்கள் ஒன்றோடொன்று சேராமல் ட்ரைபாட் பருத்துப்போகும். நுரையின் மேல் சைக்கிள் கைப்பிடிக்குச் சுற்றும் ஒட்டுநாடாவைச் சுற்றியபோது பார்க்க அழகாக இருந்தது. சித்திரை வெயில் வந்ததும் பசை இளகிக் கையெல்லாம் ஒட்டத் தொடங்கியதால் அதை உரித்து எறிந்துவிட்டு, நாடாக்கட்டிலுக்குப் பின்னும் பருத்தி நாடாவை இறுக்கமாகச் சுற்றி, முனையை ஊசிநூலால் தைத்தேன். பருத்தி நாடா வியர்வையில் வழுக்குவதில்லை. வெயிலில் காய்ந்த அலுமினியத்தைத் தொட்டுக் கை சுடுவதும் நின்றது. விலை என்று பார்த்தாலும் ஒட்டுநாடாவுக்குக் கொடுத்ததில் சிறு பங்குதான்.

நுரை இருந்தும் தோள் எலும்பு வலித்தது. சந்தைக்கு மூட்டை சுமப்பவர்கள் தலையில் வைக்கும் சும்மாட்டை நினைத்து, ஒரு துண்டை முறுக்கி வளையமாக்கித் தோளில் வைத்து அதன் மேல் ட்ரைபாடைச் சாய்த்தேன். சும்மாடு கனத்தை எலும்பின் முனையிலிருந்து விலக்கிக் கழுத்துக்கும் தோளுக்கும் இடையிலுள்ள சதைப்பகுதிக்கு மாற்றிவிடுகிறது என்பதால் வலி கணிசமாகக் குறைந்தது. சமதரையில், வண்டி நிற்கும் இடத்திலிருந்து அணைக்கரை வரை செல்வதற்கு இது போதும். கையை ஊன்றி ஏற வேண்டிய பாறையில் இது உதவாது. கேமராவைக் கழற்றாமல் ட்ரைபாடுடன் சேர்த்தே தோளில் சாய்த்துச் செல்வோரையும் அவ்வப்போது பார்க்கிறேன். நடையின் அதிர்வில், கேமராவைத் தலைப்பகுதியோடு சேர்க்கும் இணைப்புத் தட்டின் பூட்டு தளர்ந்தால் முதுகுக்குப் பின்னால் நடப்பது கண்ணில் படாது என்பதால் அந்த வழக்கத்தை நான் ஏற்பதில்லை.

முதுகுப்பையுடன் சேர்த்துக் கட்டும் முறையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். பையின் பின்புற நடுவில் கட்டினால் கனம் முதுகெலும்பை விட்டு விலகி ஆளைப் பின்னுக்கு இழுக்கும். அதைச் சமன்செய்யக் குனிந்து நடக்க நேரும். பக்கவாட்டில் கட்டினால் உடல் ஒருபுறம் சாயும், மறுபுறத்தில் தண்ணீர் பாட்டில்களையும் லென்ஸையும் வைத்தால் பாதியளவு சரியாகும். கால்கள் மேல்நோக்கி இருக்குமாறு கட்டினால் கருவேலங் கிளைகள் ஒவ்வொன்றிலும் மாட்டும். இலேசான ட்ரைபாடுக்கு ஏற்ற வழிதான், என்னுடையதற்கு இல்லை.

எனக்குக் கைகொடுத்தது குறுக்குப் பட்டை. மகளிர் கைப்பையைக் குறுக்காக மாட்டுவது போல, ஒரு தோளிலிருந்து எதிர் இடுப்புக்கு வரும் இரண்டு அங்குல நைலான் பட்டை அது. பட்டையின் அகலம் இரட்டித்தால் தோளின் ஒரே அளவு இடத்தில் விழும் அழுத்தம் பாதியாகிறது என்பது எளிய கணக்கு. நைலான் மட்டும் இருந்தால் சட்டையின் மேல் வழுக்கும். பருத்தி மட்டும் இருந்தால் மழையில் நனைந்து நெடுநேரம் காயாது. எனவே பாரத்தை நைலான் தாங்க, தோளில் படும் இடத்தில் மட்டும் கட்டில் நாடாவை உட்புறமாக வைத்துத் தைக்கச் சொல்லி, கார்களுக்கு இருக்கை உறை தைக்கும் கடைக்காரரிடம் கொடுத்தேன். தடித்த ஊசி போட்ட தையல் எந்திரமும் கனத்த நைலான் நூலும் அவர்களிடம்தான் இருக்கும். துணி தைக்கும் கடையில் இந்த வேலை ஆகாது.

பட்டையின் மேல்முனையைக் கால்கள் ஒன்றுசேரும் உலோகச் சட்டத்திலும், கீழ்முனையை ஒரு காலின் மேல் அடுக்கின் அடிப்பகுதியிலும் கட்டினேன். மேல் இணைப்பு சாக்கட்டிக் கோட்டுக்குத் தலைப்பக்கமாக அமைவது அவசியம். இல்லாவிட்டால் ட்ரைபாட் தலைகீழாகப் புரண்டுவிடும். தலைப்பகுதியிலோ நடுத்தண்டிலோ பட்டையைக் கட்டுவது ஆபத்து. தலைப்பகுதி பெரும்பாலான கனத்த ட்ரைபாடுகளில் 3/8 அங்குலத் திருகு ஒன்றினால் மட்டுமே நிற்கிறது. தொங்கும் பாரம் நடையில் திரும்பித் திரும்பி அசையும்போது அந்தத் திருகு மெல்லக் கழன்றுகொள்ள இடமுண்டு. நடுத்தண்டும் பூட்டு சற்றுத் தளர்ந்திருந்தால் சரிந்து வெளியே வந்துவிடும்.

இப்படி மாட்டியதும் ட்ரைபாட் முதுகில் சாய்வாக, தலை மேலும் பாதம் கீழுமாகப் படிந்தது. ஆனாலும் ஒவ்வொரு அடிக்கும் அது பக்கவாட்டில் ஆடி இடுப்பில் தட்டியது. ட்ரைபாடின் கீழ்ப்பகுதியை இடுப்போடு இணைக்கும் மெல்லிய இரண்டாவது பட்டை ஒன்றை, ஒரு கையால் அழுத்திக் கழற்றக்கூடிய பிளாஸ்டிக் பக்கிளுடன் சேர்த்த அன்றுதான் இந்த முயற்சி முழுமையடைந்தது. நாலரைக் கிலோ என்பது ஓரளவு பழகிய உடலுக்குப் பெரிய பாரமே அன்று. அது உடலை விட்டு விலகி ஆடும்போதுதான் ஒவ்வோர் ஆட்டத்தையும் நிறுத்த முதுகும் தோளும் தனியே உழைக்க வேண்டியிருக்கிறது. இப்போது இரண்டு கைகளையும் ஊன்றிப் பாறையில் ஏற முடிகிறது.

ராயக்கோட்டைக் கோட்டையைப் போல மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் ட்ரைபாடைப் பயன்படுத்த முன் அனுமதி வேண்டும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அனுமதி இல்லாமல் அவ்வளவு படிகள் சுமந்து சென்று, விரிக்காமலே இறக்கி வருவதில் பயனில்லை.

பைக்கில் எடுத்துச் செல்வது தனிச் சிக்கல். முதுகில் மாட்டியபடி ஓட்டினால் பாதப்பகுதி இருக்கையில் இடிக்கும், தலைப்பகுதி ஹெல்மெட்டின் பின்புறம் நிற்கும். விழ நேர்ந்தால் முதுகெலும்பின் மேலேயே அது அழுந்தும். குறுக்காகக் கட்டினால் பக்கத்தில் செல்லும் வண்டியில் மாட்டும். பின்சக்கரத்தின் இடப்புறமுள்ள புடவைக் கம்பியை ஒட்டி, நீளவாக்கில், தலைப்பகுதி முன்னோக்கி இருக்குமாறு வைத்து, பழைய சைக்கிள் ட்யூபைக் கீற்றுகளாக வெட்டி இரண்டு இடங்களில் இறுக்குகிறேன். வலப்புறம் சைலன்சரின் சூட்டில் நுரை உருகிவிடும். ரப்பர் கீற்று கயிற்றைப் போல நெகிழ்ந்து தளராது, அதிர்வையும் ஓரளவு உள்வாங்கும். அப்படியிருந்தும் மேடுபள்ளமான சாலையில் நெடுந்தூரம் வந்த பின் கால்மூட்டுகளின் போல்ட்டுகள் தளர்ந்திருப்பதைக் கண்டிருக்கிறேன் என்பதால், ஆலன் கீ ஒன்றைப் பட்டையிலேயே சிறு பை தைத்து வைத்திருக்கிறேன்.

உறை விஷயத்தில் முதலில் ட்ரைபாட் முழுவதையும் மூடும், நீளமான ஜிப் வைத்த கேன்வாஸ் பை ஒன்றையே அதே கடைக்காரரிடம் கேட்டேன். “முழு நீளத்துக்கு ஜிப் வைத்தால் மண் ஏறிச் சீக்கிரம் பல் போய்விடும் தம்பி. எந்த இடம் அடிபடுகிறதோ அந்த இடத்துக்கு மட்டும் தைத்துக்கொள்ளுங்கள்” என்றார். அவர் சொன்னது சரியே. அடிபடுவது தலைப்பகுதியின் திருகுகளும் கால் பூட்டுகளின் லீவர்களும்தான். குழாய்களில் கீறல் விழுவதால் வேலை கெடுவதில்லை. ஆகவே பழைய ஜீன்ஸின் கால் துண்டு ஒன்றை உள்ளே ரெக்சின் வைத்துத் தைத்து, சுருக்குக் கயிறு போட்டுத் தலைக்கு மட்டும் கவிழ்க்கிறேன். நீட்டிக்கொண்டிருக்கும் திருப்புக் கைப்பிடியைக் கழற்றித் திருப்பி மாட்டி, ஒரு காலோடு சேர்த்து வெல்க்ரோவால் கட்டிவிட்டால் பேருந்தில் அடுத்தவர் விலாவில் குத்தாது. பிவிசி குழாய்க்குள் வைத்து மூடும் யோசனையையும் கணக்கிட்டுப் பார்த்தேன். தலைப்பகுதி நுழையும் அகலமான குழாயின் எடை ட்ரைபாடின் எடையையே நெருங்குகிறது.

அணையின் சேற்றுக் கரையில் நிறுத்தும்போது, வழக்கத்துக்கு மாறாக, மிக மெல்லிய கடைசி அடுக்கை முதலில் முழுவதும் இழுத்துவிட வேண்டும். பூட்டு சேற்றுக்கு மேலே நின்றால் மண் உள்ளே புகாது. வீட்டுக்கு வந்ததும் கால்களை நீட்டிய நிலையில் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவிட்டு, முற்றிலும் உலர்ந்த பிறகே மடிக்கிறேன். கால்களில் எண்ணெய் தடவுவது கூடாது. தூசி அதில் ஒட்டி அரைக்கத் தொடங்கிவிடும். ஒகேனக்கல்லில் அருவியின் சாரலில் நனைந்தாலும் இதே முறைதான், ஆனால் ஜீன்ஸ் உறை நன்றாகக் காய ஒரு பகல் முழுதும் ஆகிறது. அடுத்த உறையை வெளிப்புறமும் ரெக்சினாலேயே தைக்கக் கொடுத்திருக்கிறேன். பாதங்களின் ரப்பர் முனைகளுக்கும் சிறு குல்லாய்கள் மூன்று சேர்த்துக் கேட்டிருக்கிறேன்.