பகல் ஷிப்ட்டில் மட்டும் ரிஜெக்ஷன்: டிரெய்னிகள் யோசித்துப் பழக ஒரு கணக்கு

திருநெல்வேலிப் பக்கம் டிப்ளமோவோ பி.இ.யோ முடித்துவிட்டு கங்கைகொண்டான் சிப்காட்டுக்கோ தூத்துக்குடிக்கோ இன்டர்வியூவுக்குப் போகிறவர்கள் ஒரு கேள்விக்குத் தயாராக இருக்க வேண்டும்: “ரிஜெக்ஷன் திடீரென்று கூடிவிட்டது, என்ன செய்வீர்கள்?” பலரும் உடனே மீன்முள் வரைபடம் (காரணங்களைக் கிளைகளாக வரைவது), ஐந்து ஏன் (‘ஏன்?’ என்று ஐந்து முறை அடுத்தடுத்துக் கேட்பது) என்று ஒப்பிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். கேட்பவருக்கு அந்தப் பெயர்கள் புதிதல்ல. கண்ணால் பார்த்தது எது, ஊகித்தது எது என்று இந்தப் பிள்ளைக்குப் பிரிக்கத் தெரிகிறதா என்றுதான் அவர் கவனிப்பார்.

இதைப் படித்து மட்டும் பழக முடியாது, கணக்குப் போட்டுப் பழக வேண்டும். சிஎன்சி லேத்தில் (கணினி ஓட்டும் கடைசல் இயந்திரம்) ஓர் அலுமினிய ஜாப், அதாவது கடையும் துண்டு. வெளிவிட்டம் 100.00 மி.மீ., டாலரன்ஸ் ±0.02, அதாவது 99.98 முதல் 100.02 வரை தேறும். சித்திரை வெயிலில் ஷெட்டுக்குள் 38 டிகிரி. ஆபரேட்டர் மைக்ரோமீட்டரில் பார்த்தால் சரியாக 100.000. கியூசி (தரப் பரிசோதனை) அறையில் 20 டிகிரி ஏசியில் அதே ஜாப் 99.979 காட்டுகிறது. அண்டர்சைஸ், ரிஜெக்ட். இரவு ஷிப்ட் ஜாப்கள் மட்டும் தேறிவிடுகின்றன. போர்மேன் தீர்ப்பே சொல்லிவிடுவார்: “பகல் ஷிப்ட்டுப் பயலுவ கவனமில்லாம ஓட்டுதானுவ.”

இந்த இடத்தில் ஐந்து ஏன் போட்டால் ஐந்தும் அந்தப் பயல்களையே சுற்றிச் சுற்றி வந்து, ‘பயிற்சி போதாது’ என்று முடியும். முதல் ஏனுக்கான பதிலே ஊகம் என்றால் மற்ற நான்கும் வீண். அதற்குப் பதில் ஒரு தாளை இரண்டாகப் பிரித்து, கோளாறு எங்கே வருகிறது, வரக்கூடிய இடத்தில் எங்கே வரவில்லை என்று எழுதுங்கள். வருவது பகலில், அலுமினியத்தில். அதே லேத்தில், அதே ஆள் பகலில் ஓட்டும் ஸ்டீல் ஜாப்பில் வரவில்லை. கவனக்குறைவு உலோகம் பார்த்து வராது. போர்மேனின் தீர்ப்பு இந்த ஒரு வரியிலேயே உடைந்துவிடும்.

மிச்சத்தை எண்கள் சொல்லும். டிராயிங்கில் வேறு குறிப்பு இல்லாதவரை அளவு என்பது 20 டிகிரியில் உள்ள அளவு. அலுமினியம் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்குச் சுமார் 23 மைக்ரான் (ஒரு மைக்ரான் 0.001 மி.மீ.) விரியும், ஸ்டீல் 11.5. ஷெட்டில் 18 டிகிரி கூடுதல் என்பதால் 100 மி.மீ. அலுமினியம் 41.4 மைக்ரான் விரிகிறது. மைக்ரோமீட்டரை ஜீரோ செட் செய்யும் (அளவு சரிபார்த்து வைக்கும்) ஸ்டீல் ராடும் அதே சூட்டில் 20.7 மைக்ரான் நீள்கிறது. ராடு நீண்ட அளவை மைக்ரோமீட்டர் காட்டாது, மிச்ச வித்தியாசத்தை மட்டும்தான் காட்டும்: சுமார் 21 மைக்ரான். கியூசி அறையில் குறைந்ததும் அதேதான். இரவில் 28 டிகிரி என்றால் வித்தியாசம் 9 மைக்ரான்தான், ஜாப் தேறிவிடும். ஸ்டீல் ஜாப்பும் ஸ்டீல் ராடும் சேர்ந்தே விரிவதால் அதில் ஒன்றும் தெரியாது.

கணக்கு அழகாக வந்துவிட்டது என்று நிறுத்தக் கூடாது. ஒரே ஜாப், ஒரே மைக்ரோமீட்டர், ஒரே ஆள்: மதியம் 2 மணிக்கு ஷெட்டில் அளந்து, ராடோடு சேர்த்துக் கியூசி அறையில் இரவு முழுக்க வைத்து, காலையில் மறுபடி அளக்க வேண்டும். 20 மைக்ரான் அளவுக்குக் குறைந்தால் சரி. குறையவில்லை என்றால் வெப்பக் கதையை அப்படியே விட்டுவிட வேண்டும், முட்டுக்கொடுக்கக் கூடாது.

இதில் கெட்டுப்போகும் இடங்கள் உண்டு. 0.02 மி.மீ. லீஸ்ட் கவுண்ட் (பிரித்துக் காட்டும் மிகச் சிறிய அளவு) உள்ள வெர்னியரால் இந்தப் பரிசோதனை நடக்காது. மொத்த டாலரன்ஸில் பத்தில் ஒரு பங்காவது கருவி பிரித்துக் காட்ட வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. லேத்திலிருந்து அப்போதுதான் கழற்றிய ஜாப் ஷெட்டை விடச் சூடாக இருக்கலாம், ஆறவிட வேண்டும். ரிஜெக்ட் வந்ததும் ஆஃப்செட்டை (மெஷினில் கொடுக்கும் அளவுத் திருத்தத்தை) 0.02 கூட்டுவதுதான் மோசம். பகலில் சரியாகிவிடும், இரவிலோ அதே செட்டிங் மேல் எல்லைக்கு 9 மைக்ரான் பக்கத்தில் போய் நிற்கும், டூல் கொஞ்சம் தேய்ந்தாலே ஓவர்சைஸ். கியூசி அறையில் அளந்து வைத்த, அதே அலுமினியத்தால் ஆன மாஸ்டர் (ஒப்பிட்டுப் பார்க்கும் மாதிரித் துண்டு) ஒன்றை லேத் பக்கத்திலேயே வைத்து ஒப்பிடுவது நிலையான தீர்வு. ஜாப்போடு மாஸ்டரும் விரியும்.

அம்பாசமுத்திரம் பக்கம் பஞ்சாலைக்குப் போகிறவர்களுக்கும் இதே பொறி காத்திருக்கிறது. பருத்தி நூலுக்கு நிர்ணயித்த ஈரப்பதம் உலர்ந்த எடையில் 8.5 சதவீதம். சாரல் காலத்தில் நூலைக் கண்டிஷன் செய்யாமல் (ஈரப்பதத்தை நிலைப்படுத்தாமல்) எடை போட்டால் ஈரத்தின் எடையும் சேர்ந்து, கவுண்ட் (நூலின் பருமனைக் காட்டும் எண்) பருமனான நூல் போலக் காட்டும். மெஷினில் கைவைக்கும் முன் நூலின் ஈரத்தைப் பாருங்கள்.

பொறியியல் மேற்படிப்புக்கான கேட் (GATE) தேர்வுக்கும் இந்தப் பழக்கம் உதவும். ஒரு மதிப்பெண் எம்.சி.க்யூ. (விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி) தவறினால் மூன்றில் ஒரு பங்கும், இரண்டு மதிப்பெண்ணில் மூன்றில் இரண்டும் கழிப்பார்கள். எண்ணாக விடை தரும் கேள்விக்குக் கழிவு இல்லை. கால்குலேட்டரைத் தொடும் முன் விடை எந்த அளவில் வரும் என்று ஓரத்தில் எழுதிவிடுங்கள். மேலே உள்ள கணக்கில் பத்துக்கணக்கான மைக்ரான் வர வேண்டும்; 41 மி.மீ. வந்தால் யூனிட்டில் தப்பு.

இன்டர்வியூவில் சொல்லும் வரிசையும் முக்கியம். சந்தேகமான லாட்டை (ஒரே தொகுதியில் வந்த ஜாப்களை) ரெட் டேக் எனும் சிவப்பு அட்டை போட்டுத் தனியே வைப்பேன். யார், எதில், எந்தச் சூட்டில் அளந்தார்கள் என்று பார்ப்பேன். என்ன மாறியது என்று தேடுவேன். காரணம் அதற்குப் பிறகுதான்.

வேலையில் சேர்ந்த பிறகு இதையே போர்மேனிடம் தீர்ப்பாகச் சொன்னால் எடுபடாது, கேள்வியாகக் கேளுங்கள்: “அண்ணாச்சி, அதே லேத்துல ஸ்டீல் ஜாப் மட்டும் ஏன் அடிபடல?”