நேட் 3020

ரெண்டு நாளாக வீட்டில் நேட் 3020தான் ஓடுகிறது. 1978இல் வந்த ஆம்ப்ளிஃபயர், சேனலுக்கு 20 வாட்தான், ஆனால் பாட்டின் நடுவே திடீரென்று ஒரு பலத்த அடி வந்தால் அந்த 20 வாட்டையும் தாண்டிக் கொடுக்கும், மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்து நாதம் நெஞ்சில் வந்து விழுகிறது.

பின்பக்கம் சாஃப்ட் கிளிப்பிங் என்று ஒரு சின்ன சுவிட்ச். அதைப் போட்டுவிட்டால், சத்தத்தை ரொம்ப ஏற்றும்போதும் ஒலியலையின் முனை சட்டென்று வெட்டுப்படாமல் மெல்ல வளையும், காது கூசாது. பக்கத்திலேயே ஒலியை முதலில் பக்குவப்படுத்தும் ப்ரீஆம்ப்பையும் ஸ்பீக்கரை ஓட்டும் பவர்ஆம்ப்பையும் இணைக்கும் உலோகக் கொக்கிகள், கழற்றினால் ரெண்டும் தனித்தனி.

பார்க்கச் சாதாரண சாம்பல் நிறப் பெட்டி. சரி, அழகு கிடக்கட்டும். இசைத்தட்டில் ஊசி இறங்கி, அந்த மெல்லிய சரசரப்புக்கு அப்புறம் வயலின் நடு அறையில் வந்து நிற்கிறதே, எனக்கு அது போதும்.