பாதிக் குளிசை

2025 யூன் 3, செவ்வாய்

வைத்தியர் எழுதித் தந்த ஒழுங்கு இது: பதகளிப்புக்கு நான் எடுத்துவரும் பரொக்செட்டீன் 20 மில்லிகிராமிலிருந்து 10 ஆகக் குறைய வேண்டும், அதே நாளில் காலைச் சாப்பாட்டுக்குப் பின் செர்ட்ராலின் 25 தொடங்க வேண்டும். இரண்டு கிழமை கழித்துப் பழையது 5, புதியது 50. யூலை முதலாந் திகதியிலிருந்து பழையது இல்லை. மிகச் சாதாரணமாகத்தான் சொன்னார். பழையது எவ்வளவு காலம் என்னுடன் இருந்தது என்பது அவருடைய கோப்பிலும் இருக்கிறது. கோப்பில் இருப்பது வேறு.

இரண்டும் உடம்பில் ஒன்றாக இருக்கும் நாட்களில் காய்ச்சல், நடுக்கம், தசைத் துடிப்பு, குழப்பம் ஆகியவை சேர்ந்து வந்தால் காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார். இந்த அளவுகளில் அப்படி நடப்பது மிக அரிது என்றும் சொன்னார். முதல் வாக்கியம் மட்டுமே வெள்ளவத்தை வரை என்னுடன் வந்தது.

மாமிக்கு விற்றமின் என்று சொல்லியிருக்கிறோம்.

யூன் 4, புதன்

குளிசையின் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. அதில் வைத்து அழுத்தினால் சரிபாதியாக உடையும் என்பது செய்தவர்களின் நம்பிக்கை. எனக்கு உடைந்து வந்தவை ஒரு பெரிய துண்டும், ஒரு சிறிய துண்டும், கொஞ்சம் தூளும். இன்று பெரியதை விழுங்கினால் நாளைக்குச் சிறியதுதான் மிஞ்சும்; அப்படியானால் இன்று பதினொன்று, நாளை ஒன்பதா? தூள் யாருடைய கணக்கில் சேரும்? கேக் மா நிறுக்கும் தராசில் துண்டுகளை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது இவர் சமையலறைக்கு வந்து, "அது ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது" என்றார். தராசு பூச்சியம்தான் காட்டிக்கொண்டிருந்தது. பின்னேரம் காலி வீதிப் பாமசியில் குளிசை வெட்டும் சிறு பெட்டியொன்றை வாங்கி வந்து, எதுவும் சொல்லாமல் என் மேசையில் வைத்தார். அலகு நல்ல கூர்மையானது. தூள் இப்போதும் விழுகிறது.

வெப்பநிலை 36.7.

யூன் 6, வெள்ளி

காலையிலிருந்து குமட்டுகிறது, வயிறும் இளகிவிட்டது. இந்த இரண்டு மருந்துகளும் வேலை செய்வது செரட்டோனின் என்ற இரசாயனத்தில்; உடம்பிலுள்ள செரட்டோனினில் பெரும் பகுதி, ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு, மூளையில் அல்ல, குடலில்தான் இருக்கிறது. ஆகவே குடல் முதலில் முறைப்பாடு செய்வது நியாயமே. காரணம் தெரிந்தவுடன் பயம் அரைவாசியாகிவிடுகிறது, குமட்டல் குறைவதில்லை. மாமி என் முகத்தைப் பார்த்துவிட்டு, மிகுந்த கவனத்துடன், ஒன்றும் கேட்காமல் இஞ்சி போட்டுத் தேத்தண்ணீர் ஊற்றித் தந்தார். அவருடைய கண்ணில் இருந்த எதிர்பார்ப்பைத் தாங்குவது குமட்டலைத் தாங்குவதைவிடக் கடினமாக இருந்தது.

யூன் 8, ஞாயிறு

வெப்பநிலை 36.9, நித்திரை வரவில்லை.

யூன் 10, செவ்வாய், பொசொன் போயா

வெளியே போனால் நல்லது என்று இவர் சொன்னதால் இருட்டிய பின் பாமன்கடைப் பக்கம் நடந்தோம். இலவசமாகச் சாப்பாடு கொடுக்கும் தன்சல் வரிசையில் வெள்ளை உடுத்த குடும்பங்கள் நின்றன. பந்தலின் மின்குமிழ்கள் ஓடி ஓடி எரிந்தன. அவற்றைப் பின்தொடர்ந்து கண்ணை இடப்பக்கமிருந்து வலப்பக்கம் திருப்பியபோதுதான் அது முதன்முதலாக வந்தது. தலைக்குள் ஒரு கணம் மின்சாரம் தட்டியது. வலி இல்லை, ஆனால் அந்தக் கணத்தில் நான் இருந்த இடம் தவறிப்போய் மீண்டும் வந்தது. மறுபடி கண்ணைத் திருப்பினேன், மறுபடி தட்டியது. நடுத்தெருவில் நின்று கண்ணை இப்படியும் அப்படியும் உருட்டிக்கொண்டிருந்த என்னை ஒரு சிறு பிள்ளை மிகுந்த ஆர்வத்துடன் பார்த்தது.

வீட்டுக்கு வந்தவுடன் வெப்பநிலை பார்த்தேன். 36.8. நடந்து வந்தால் சற்று ஏறும் என்பதால் அரை மணி நேரம் கழித்து மீண்டும் பார்த்தேன், 36.7.

யூன் 13, வெள்ளி

இன்று வைத்தியர் தொலைபேசியில் கிடைத்தார். கண்ணைத் திருப்பும்போது வரும் அந்த மின்தட்டு மருந்து குறைவதன் அடையாளம் என்றும், ஆபத்தில்லை என்றும் சொன்னார். பரொக்செட்டீன் அளவு ஏறக்குறைய ஒரு நாளில் உடம்பில் பாதியாகிவிடும்; அதே வகை மருந்தான புளுவொக்செட்டீனைப் போல நாட்கணக்கில் தங்கி நின்று மெல்ல விடைபெறும் சுபாவம் அதற்கில்லை. போதாததற்கு, தன்னைச் சிதைக்கும் ஈரல் நொதியைத் தானே அடக்கி வைத்திருக்கும் மருந்து அது. அளவு குறைந்ததும் நொதி விழித்துக்கொள்வதால், மிச்சமிருப்பது நாம் குறைத்த வீதத்தைவிட வேகமாகக் குறைந்துபோகிறது.

பதகளிப்பு திரும்பி வருகிறதா, மருந்து விலகுகிறதா என்பதை எப்படிப் பிரித்தறிவது என்று கேட்டேன். அளவை மாற்றிய சில நாட்களுக்குள், முன்பு ஒருபோதும் அறியாத உடலுணர்வுகளுடன் வந்தால் பெரும்பாலும் மருந்து; பழைய பயங்கள் பழைய முகத்துடன் கிழமைக்கணக்கில் மெல்ல ஏறினால் நோய் என்று யோசிக்கலாம் என்றார். மிக நல்ல விளக்கம்தான். ஆனால் மின்தட்டு வந்தவுடன் எனக்கு வருவது பழைய பயம், அதுவும் பழைய முகத்துடன். அதை எந்தப் பக்கம் எழுதுவது? புதிய மருந்தும் தொடக்கத்தில் சிலருக்குப் பதற்றத்தைக் கூட்டும் என்பதால் மூன்றாவது பக்கமும் ஒன்று இருக்கிறது. இந்தக் குறிப்பேட்டை மூன்று நிரல்களாகப் பிரிக்கலாம் என்று தொடங்கி, நடு நிரலிலேயே எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறேன்.

யூன் 17, செவ்வாய்

இன்று முதல் 5 மற்றும் 50. பாதியைப் பாதியாக வெட்ட வேண்டும். கோடு இல்லாத இடத்தில்.

யூன் 18, புதன்

இவருடன் பேசவில்லை, அதற்குக் காரணமும் இல்லை.

யூன் 20, வெள்ளி

அலுமாரியில் அட்டைகளை எடுத்து அடுக்கினேன். போதுமான அளவு இருக்கிறது என்பது எடுக்க முன்பே தெரியும். 2022 இல் மருந்துத் தட்டுப்பாட்டு மாதங்களில், வைத்தியர் எழுதிய துண்டைக் கையில் வைத்துக்கொண்டு பாமசி பாமசியாக ஏறியிறங்கியவர்களுக்கு இந்தப் பழக்கம் போவதில்லை. அன்று தலையை அசைத்து இல்லையென்றவர்களின் முகங்கள் ஒவ்வொன்றும் நினைவிருக்கின்றன.

இந்த முறை செர்ட்ராலின் வேறு கம்பனியுடையது. குளிசை சற்றுப் பெரியது, நிறமும் வேறு. அரச மருந்துக் கடையான ஒசுசலவில் கேட்டபோது, உள்ளே இருப்பது ஒன்றுதான், பெயர்தான் வேறு என்று அந்தப் பெண் சிங்களத்தில் பொறுமையாக விளங்கப்படுத்தினார். மருந்தைக் கம்பனிப் பெயரால் அல்ல, அதன் சொந்தப் பெயரால் கேட்கவேண்டும் என்று இந்த நாட்டுக்குப் படிப்பித்தவர் செனக பிபிலே. அவருடைய முயற்சியால் 1971 இல் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் கடையிலேயே நின்று நான் நிறத்தைப் பற்றி வாதிட்டுக்கொண்டிருந்தேன்.

வெப்பநிலை 36.8.

யூன் 25, புதன்

நல்லூர்க் கொடியேற்றம் வருகிறது, நேர்த்தி ஒன்று இருக்கிறது என்று மாமி இரவுச் சாப்பாட்டின்போது சொன்னார். என்ன நேர்த்தி என்று யாரும் கேட்கவில்லை. இவர் சொதியை என் பக்கம் தள்ளி வைத்தார்.

முதல் மூன்று மாதங்களில் பரொக்செட்டீன் எடுத்தால் பிள்ளையின் இதயத்தில் குறை ஏற்படும் வாய்ப்புச் சற்றுக் கூடலாம் என்பது 2005 இலேயே அமெரிக்காவில் எச்சரிக்கையாக வந்துவிட்டது. அப்போது நான் பாடசாலைச் சீருடையில் இருந்தேன். செர்ட்ராலினை நீண்ட காலமாகப் பலர் அந்த நிலையில் எடுத்து வருகிறார்கள் என்றும், தாய்ப்பாலில் அது மிகக் குறைவாகவே கலக்கிறது என்றும் வைத்தியர் சொன்னார். மருந்தே இல்லாமல் இருந்து நோய் திரும்பினால் அதுவும் பிள்ளைக்குத் தீங்குதான் என்பதை அவர் அழுத்திச் சொன்னதை நான் இரவில் மறந்துவிடுகிறேன், பகலில் நினைவிருக்கிறது.

யூலை 1, செவ்வாய்

வெட்டும் பெட்டியைக் கழுவிக் காயவைத்தேன்.

யூலை 4, வெள்ளி

மூன்று இரவுகளாகக் கனவுகள் மிகத் தெளிவாக வருகின்றன. விழித்த பின்னும் அவற்றில் நடந்த சண்டைகளுக்கு ஆட்களுடன் கோபமாக இருக்கிறேன். மின்தட்டு அதிகரித்திருக்கிறது. 100 ஆம் இலக்க பஸ்ஸில் கொள்ளுப்பிட்டிக்குப் போகும்போது கடற்பக்கம் பார்க்காமல் முன்னிருக்கையின் முதுகையே பார்த்துக்கொண்டு போனேன். தேவையானால் மட்டும் என்று தந்த குளோனசிபாம் 0.5 கைப்பைக்குள் இருந்தது. அது உடனே அமைதி தரும், அதனாலேயே பழகிப்போகும். அதை எடுக்காமலிருப்பது வீரமா அல்லது வெறும் பிடிவாதமா என்று பம்பலப்பிட்டியிலிருந்து கொள்ளுப்பிட்டி வரை யோசித்தேன். அந்த யோசனையிலேயே தரிப்பிடம் வந்துவிட்டது.

இவர் இரவு கேட்டார்: "நீர் இப்ப கோபமா இருக்கிறது நீரா, குளிசையா?" கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அறிந்து, அதன்படி நடந்துகொள்ள விரும்பினார். தெரியாது என்று சொன்னேன். அப்படியென்றால் இரண்டு பேரிடமும் மன்னிப்புக் கேட்பதாகச் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

யூலை 6, ஞாயிறு

வெப்பநிலை பார்க்கவில்லை என்பது மத்தியானம் சாப்பிட்ட பிறகுதான் நினைவுக்கு வந்தது; உடனே பார்த்தேன். 36.7.

யூலை 10, வியாழன், போயா

மின்தட்டு இன்று காலை ஒருமுறை மட்டும் வந்தது, குமட்டல் இல்லை. ஆனால் பஸ்ஸில் ஏறும் முன் வரும் அந்தப் பழைய நெஞ்சடைப்பு, கதவுக்கு அருகில் இடம் தேடும் பழைய வழக்கம் ஆகியவை நேற்றும் முந்தாநாளும் இருந்தன. இவை புதிய உடலுணர்வுகள் அல்ல. செர்ட்ராலின் 50 முழுமையாக வேலை செய்ய நான்கிலிருந்து ஆறு கிழமை வரை ஆகலாம் என்று சொல்லப்பட்டிருப்பதால், தீர்ப்பு எழுத இன்னும் நேரம் வரவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

யூலை 14, திங்கள்

கிளினிக்கில் வைத்தியர் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கி, வெப்பநிலைகளை மட்டும் தாண்டித் தாண்டி வாசித்தார். 75 ஆக ஏற்றலாமா என்று இம்மாத இறுதியில் பார்ப்போம் என்றார். அதற்குள் நல்லூருக்குப் போவதென்றால் ரயிலா பஸ்ஸா என்று கேட்டார். ரயில் என்று இவர் சொன்னார். நான் இன்னும் முடிவு செய்யவில்லை என்று சொன்னேன்.