வேண்டாம்னு சொன்னப்புறம் என்ன சொன்னாங்க?

2021 அக்டோபர்ல ஒரு நாள் காலைல, கோயமுத்தூர் கணபதி ஏரியாவுல ஒரு மளிகைக் கடைக்கு எதிர்ல பைக்கை நிறுத்திட்டு, டேங்க் மேல ஒரு கட்டைப்பை, அதுக்குள்ள ஆறு பாட்டில் கடலெண்ணெய், அப்படியே 25 நிமிஷம் உக்காந்துட்டு இருந்தேன். கடைல கூட்டம் குறையட்டும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். கூட்டம் குறைஞ்சுது. கடைக்காரர் வெளிய வந்து என்னை ஒரு பார்வை பார்த்தாரு. நான் உடனே வராத போனை எடுத்து காதுல வச்சு "ஆங், சொல்லுங்க, இப்பத்தான் வந்துட்டிருக்கேன்"னு பேசிட்டே வண்டியை கிளப்பிட்டேன். அன்னைக்கு ஆறு பாட்டிலும் வீட்டுக்கே திரும்பி வந்துருச்சு. பொண்டாட்டி கேட்டதுக்கு "கடை லீவு"ன்னேன்.

இதுல கேவலம் என்னன்னா, அதுக்கு முன்னாடி 14 வருஷம் ஒரு பம்ப்செட் கம்பெனில பர்ச்சேஸ்ல இருந்தவன் நான். வைண்டிங் ஒயர்காரங்க, காஸ்டிங்காரங்க, பேரிங்காரங்கன்னு ஒரு நாளைக்கு அஞ்சாறு பேராவது வருவாங்க, முக்காவாசிப் பேருக்கு "இப்ப ஸ்டாக் இருக்குங்க, அடுத்த மாசம் பாப்போம்"ன்னு சொல்லி அனுப்பறதுதான் என் வேலையே. சொல்லிட்டு அடுத்த நிமிஷம் டீ குடிக்கப் போயிருவேன். அவங்க மூஞ்சி கூட ஞாபகம் இருக்காது, அவங்க பொருள் மட்டம்னு ஒருநாளும் நினைச்சதில்ல, நிஜமாவே ஸ்டாக் இருந்துச்சு, அவ்வளவுதான். ஆனா அதே வார்த்தையை யாராவது என்கிட்ட சொல்லிருவாங்களோன்னு நினைச்சா எனக்கு வயித்தை கலக்குது பாருங்க.

கொரோனால கம்பெனி ஆள் குறைச்சப்ப வெளிய வந்தேன். கையில இருந்ததோட கொஞ்சம் லோன் போட்டு, அன்னூர் பக்கம் மாமனார் இடத்துல ஒரு மரச்செக்கு போட்டோம். வாகை மரம், மோட்டார்ல ஓடறது. சேவூர் ஏலத்துல நிலக்கடலை எடுத்து, உடைச்சு, பருப்பாக்கி, ஆட்டி, எண்ணெயை வெயில்ல வச்சு தெளிய விட்டு பாட்டில்ல அடைக்கிறது வரைக்கும் எல்லாமே எனக்குப் பிடிச்சுது. நல்லெண்ணெய்க்கு கருப்பட்டி எப்ப போடணும்ங்கற பக்குவம் கூட ரெண்டே மாசத்துல வந்துருச்சு. விக்கிற பக்குவம் மட்டும் வரல. மாசம் பொறந்தா லோனுக்கு கட்டணும், செட்டுல 80 லிட்டர் நிக்குது, நான் உள்ள உக்காந்து லேபிள்ல எழுத்தை பெருசு பண்ணலாமா, கலரை மாத்தலாமான்னு பாத்துட்டு இருந்தேன். பயந்தவனுக்கு எப்பவுமே லேபிள்ல ஏதோ ஒரு வேலை பாக்கி இருக்கும்.

கடைக்குப் போகாம விக்க வழி இருக்கான்னு யோசிச்சு வாட்ஸ்அப்புக்கு வந்தேன். பழைய ஆபீஸ் ஆளுங்க, சொந்தக்காரங்க, ஸ்கூல் பசங்கன்னு 180 பேரை ஒரு பிராட்காஸ்ட் லிஸ்ட்ல போட்டு, போட்டோ வச்சு, விலை போட்டு, "ஆதரவு தாருங்கள்"னு கும்பிடு பொம்மை மூணு போட்டு அனுப்பினேன். 180 பேர்ல நாலு பேரு கட்டை விரலை காட்டினாங்க, ஒரே ஒருத்தர் ஒரு லிட்டர் கேட்டாரு. மத்தவங்க கிட்ட இருந்து ஒரு பதிலும் இல்ல. அந்த ஒரு வாரம் நான் பட்ட பாடு இருக்கே, ராத்திரி படுத்துட்டு ஒவ்வொருத்தரா நினைச்சு நினைச்சு, இவன் கல்யாணத்துக்கு நான் எவ்வளவு மொய் வச்சேன், இவன் வண்டி ரிப்பேர் ஆனப்ப யாரு போனான்னு கணக்கு போட்டுட்டு இருந்தேன்.

அப்புறம் பதினஞ்சு நாள் கழிச்சு அக்கா பையன், காலேஜ் படிக்கிறவன், சாதாரணமா சொல்றான், "மாமா, அவங்க போன்ல உங்க நம்பர் சேவ் ஆகியிருந்தாத்தான் பிராட்காஸ்ட் போகும்." வேலையை விட்டப்ப கம்பெனி சிம்மை திருப்பிக் குடுத்துட்டு புது நம்பர் வாங்கியிருந்தேன். அதை எத்தனை பேரு சேவ் பண்ணியிருப்பாங்க? முக்காவாசிப் பேருக்கு மெசேஜே போகல. போகாத மெசேஜுக்கு அவங்க பதில் சொல்லலைன்னு நான் இங்க மொய்க் கணக்கு பாத்துட்டு இருந்திருக்கேன்.

அதே பையன்தான் ஒரு வீடியோவும் காட்டினான். ஜியா ஜியாங்னு ஒருத்தர், சைனால பொறந்து அமெரிக்கா போனவரு, சொந்தத் தொழில் பண்றப்ப முதலீடு கேட்டு ஒருத்தர் மறுத்ததுல மனசொடிஞ்சு, 2012ல நூறு நாளைக்கு வேணும்னே தெரியாத ஆளுங்ககிட்ட போய் ஏதாவது ஏடாகூடமா கேட்டு, அதை வீடியோவும் எடுத்தாரு. ஒலிம்பிக் வளையம் மாதிரி டோனட் செஞ்சு குடுங்கன்னு கடைல கேட்டு அவங்க செஞ்சே குடுத்ததுதான் எல்லாரும் பேசறது. எனக்குப் பிடிச்சது அது இல்ல, முதல் நாள் கதை. ஒரு செக்யூரிட்டிகிட்ட போய் நூறு டாலர் கடன் கேக்கறாரு. அவரு "முடியாது. எதுக்கு?"ங்கறாரு. இவரு முதல் வார்த்தையை மட்டும் கேட்டுட்டு சாரி சொல்லி ஓடியே வந்துட்டாரு. ராத்திரி வீடியோவை போட்டுப் பாக்கறப்பத்தான் தெரியுது, அந்தாளு எதுக்குன்னு கேட்டாருல்ல, காரணம் சொல்ல ஒரு வாய்ப்பு குடுத்தாருல்ல, நாம நின்னு கேக்கவே இல்லையேன்னு. எனக்கு சிரிப்பு வரல. கணபதி கடைக்காரர் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே வண்டியை எடுத்தவன் நானு.

நூறு நாள் கோமாளித்தனம் எல்லாம் நமக்கு ஆகாது. நான் பண்ணது இவ்வளவுதான், பையனோட பழைய ரூல்டு நோட்டு ஒண்ணை எடுத்துக்கிட்டேன். ஒரு நாளைக்கு நாலு பேருகிட்ட கேக்கணும். வித்துச்சா விக்கலையான்னு எழுதக் கூடாது, "வேண்டாம்"னு சொன்னப்புறம் அடுத்து என்ன சொன்னாங்க, அதை மட்டும் எழுதணும். அதை எழுதணும்னா அங்க நின்னாகணும்ல, அதுக்குத்தான்.

முதல் நாள் சிங்காநல்லூர் உழவர் சந்தைக்கு வெளிய. சந்தைக்கு உள்ள விவசாயிங்களுக்கு மட்டும்தான் இடம், அதனால ரோட்டோரம் நின்னேன். ஒரு அம்மா பாட்டிலை கையில வாங்கித் தூக்கிப் பாத்துட்டு, "வேண்டாம் தம்பி, அளவு கம்மியா இருக்கு"ன்னாங்க. வழக்கமான நானா இருந்தா அங்கயே செத்திருப்பேன். நோட்டு இருந்ததால "எப்படிங்கம்மா சொல்றீங்க"ன்னேன். போன தடவை வேற எங்கயோ செக்கெண்ணெய் ஒரு லிட்டர் வாங்கி வீட்டுத் தராசுல வச்சா ஒரு கிலோவே வரலையாம், எல்லாரும் ஏமாத்தறாங்களாம். அடடா, எண்ணெய் தண்ணியை விட லேசுங்க, ஒரு லிட்டர் கடலெண்ணெய் சுமார் 910 கிராம்தான் இருக்கும், அவங்ககிட்ட யாரும் ஏமாத்தல. பொறுமையா சொன்னேன். அந்தம்மா நம்பின மாதிரி தெரியல, வாங்கவும் இல்ல. ஆனா அன்னைக்கு ராத்திரியே லேபிள்ல "1 லிட்டர் (910 கிராம்)"னு போட்டேன். மாசக்கணக்கா லேபிளோட மல்லுக்கட்டினதுல அது ஒண்ணுதான் உருப்படியான மாத்தம்.

இப்படியே நோட்டு ரொம்பிச்சு. "வடை சுட்டா நுரை பொங்குது"ன்னு நிறைய பேரு, அது நியாயமான குறை, சரியா தெளியாத எண்ணெய்ல அப்படித்தான் வரும், அதுக்கப்புறம் ரெண்டு நாள் கூட வெயில்ல வச்சோம். "ஒரு லிட்டர் வாங்கி பிடிக்கலைன்னா என்ன பண்றது"ன்னு சிலர், அதுல இருந்து 200 மில்லி பாட்டில் வந்துச்சு. "மாசம் பொறந்ததும் வாங்க"ன்னு சொன்னவங்ககிட்ட ஒண்ணாம் தேதி நிஜமாவே போய் நின்னேன், அவங்களே எதிர்பாக்கல.

விலைதான் பெரிய சண்டை. "கடைல பாக்கெட்டு நூத்தம்பது, உங்களுது இருநூத்தி எண்பதா?" முன்னாடி இதைக் கேட்டா, நான் ஏதோ கொள்ளையடிக்கிற மாதிரி எனக்கே குற்ற உணர்ச்சி வந்து, உடனே முப்பது ரூபா குறைச்சுருவேன். அப்புறம் பழைய பர்ச்சேஸ் மூளையை தட்டி எழுப்பினேன். ஒரு லிட்டருக்கு ரெண்டேகால் கிலோ பருப்பு வேணும், அன்னைக்கு விலைக்கு கிலோ 110னா 247 ரூபா அம்பது காசு, புண்ணாக்கு வித்தா அதுல அம்பது ரூபா திரும்பும், மீதியில கரண்டு, ஆள் கூலி, பாட்டில், பெட்ரோல். இதை ஒரு அட்டைல எழுதி வச்சுக்கிட்டு கேக்கறவங்ககிட்ட அப்படியே காட்டினேன். பாதிப் பேரு அப்பவும் வாங்கல, ஆனா பேரம் பேசறது நின்னுருச்சு, எனக்கும் குரல் நடுங்கறது நின்னுருச்சு.

நடுவுல ஒரு முட்டாள்தனமும் பண்ணேன், அதையும் சொல்லிடறேன். ஒரு அபார்ட்மெண்ட்ல ஒரு சார் வேண்டாம்னதும், வாட்ஸ்அப்ல வந்த குப்பையெல்லாம் நம்பி "ரீஃபைண்டு ஆயில் விஷம் சார்"னு ஆரம்பிச்சுட்டேன். அவரு அமைதியா "நாங்க இருவது வருஷமா அதைத்தான் சாப்பிடறோம், விஷத்தை சாப்பிட்டா இப்படி உக்காந்திருப்போம்?"னாரு. பதிலே இல்ல. அவங்க சமையலறையை குறை சொல்லி நம்ம பொருளை தலையில கட்ட முடியாது, அது மட்டமான வியாபாரமும் கூட. அதுக்குப் பதிலா அதே அபார்ட்மெண்ட்ல ரெண்டு வாரம் கழிச்சு அசோசியேஷன்ல கேட்டு, கீழ ஒரு டேபிள் போட்டு, அடுப்பு வச்சு அப்பளம் பொரிச்சுக் குடுத்தேன். ஐடியா என்னோடது இல்லைங்க. கடலூர் சி.கே.ரங்கநாதன் 1983ல 15,000 ரூபாயோட ஷாம்பு கம்பெனி ஆரம்பிச்சப்ப, ஊர் ஊரா போய் பசங்க தலைக்கு ஷாம்பு போட்டு அலசிக் காட்டி, முடியை மோந்து பாக்கச் சொன்னாங்கன்னு எப்பவோ படிச்சது. அப்பளத்துக்கு மூக்குலயே வேலை முடிஞ்சுருது. அந்த விஷம் சாரும் வந்து ரெண்டு எடுத்துக்கிட்டாரு, எண்ணெய் மட்டும் வாங்கல.

வலிக்கிறதே இல்லைன்னு கதை விட மாட்டேன். ஒரு கடைல 20 பாட்டில் வச்சு, மூணு மாசம் வெயில் படற ஷோகேஸ்ல கிடந்து, காறல் அடிச்சுப் போயி, "உங்க சரக்கு சரியில்ல"ன்னு வாடிக்கையாளர் முன்னாடியே திருப்பிக் குடுத்தாங்க. அன்னைக்கு நோட்டுல ஒண்ணுமே எழுதல, நேரா வீட்டுக்கு வந்து படுத்துட்டேன். மறுநாளும் போகல. அதுக்கு மறுநாள் பொண்டாட்டிதான் "ஏனுங்க, அந்த கணபதி கடை இன்னும் லீவுதானா?"ன்னா. அவளுக்கு முதல் நாளே தெரிஞ்சிருக்கு.

போனேன். 25 நிமிஷமெல்லாம் இல்ல, ஒரு அஞ்சு நிமிஷம் உக்காந்தேன், அப்புறம் இறங்கிட்டேன். கடைக்காரர் எல்லாத்தையும் கேட்டுட்டு "ரெண்டு பிராண்டு ஏற்கனவே இருக்கு, மூணாவது ஓடாதுங்க"ன்னாரு. ரெண்டு செகண்டு ஆகியிருக்கும். சொல்லிட்டு அடுத்த ஆளுக்கு பருப்பு நிறுக்கப் போயிட்டாரு. அந்தக் குரல் எனக்கு நல்லா தெரிஞ்ச குரல், 14 வருஷம் நான் பேசின அதே குரல்.

எல்லாத்துலயும் கஷ்டம் அத்தை வீடுதான், பல்லடத்துல. அப்பாவோட கூடப் பொறந்தவங்க. நல்லது கெட்டதுக்கு முதல் ஆளா நிக்கறவங்க, அவங்க வேண்டாம்னு சொல்லிட்டா அப்புறம் எப்படி மூஞ்சில முழிக்கறதுன்னு ஒண்ணரை வருஷம் அந்தப் பக்கமே போகல, "தொழில் பிஸி"ன்னு சொல்லிட்டிருந்தேன். போன பொங்கலுக்கு வேற வழியில்லாம போனேன், ரெண்டு பாட்டில் கையில. அத்தை வாங்கி மோந்து பாத்துட்டு, "நல்ல வாசம் கண்ணு. ஆனா எங்கூட்டுல மாமாவுக்கு இந்த வாசமே ஆகாது சாமி, அவருக்கு பாக்கெட்டு எண்ணெய்தான்"ன்னாங்க. அவ்வளவுதான். ஒண்ணரை வருஷமா நான் பயந்தது இதுக்குத்தான். "ஏன் இத்தனை நாளா வரல, கோபமா?"ன்னு கேட்டுட்டே பாட்டிலை ஓரமா வச்சுட்டு, அந்த பாக்கெட்டு எண்ணெய்லயே வாழைக்காய் பஜ்ஜி போட்டாங்க. நாலு சாப்பிட்டேன்.