வீட்டிலேயே ஒரு வீ சென்சார் பார்

பழைய நின்டெண்டோ வீ (Wii) கேம் கன்சோலின் ரிமோட்டைக் கம்ப்யூட்டரில் டால்பின் எமுலேட்டரோடு (வீ கேம்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் மென்பொருள்) இணைத்து விளையாட, சென்சார் பாரை நானே செய்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷம்!

2006இல் வந்த இந்தக் கருவியின் வடிவமைப்பை நினைத்தால் இன்றும் வியப்புதான். டிவி மேல் வைக்கும் பார் எதையும் உணர்வதில்லை. அதில் இருப்பது இரண்டு முனையிலும் அகச்சிவப்பு எல்இடிகள் மட்டுமே. பார்ப்பது ரிமோட்தான். அதன் மூக்கில் ஒரு சின்னக் கேமரா, அந்த இரண்டு ஒளிப்புள்ளிகளைத் தேடிக்கொண்டே இருக்கிறது. புள்ளிகள் நகர்வதை வைத்து எங்கே காட்டுகிறோம் என்றும், அவற்றின் இடைவெளியை வைத்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறோம் என்றும் கணக்கிட்டுவிடும். இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தால்கூட வேலை செய்யும்! (திரைச்சீலை பக்கத்தில் வேண்டாம், ப்ளீஸ்.)

செய்ய நினைப்பவர்களுக்கு: 940 நானோமீட்டர் அகச்சிவப்பு எல்இடி மூன்றைத் தொடராக இணைத்து, கூடவே ஒரு 47 ஓம் ரெசிஸ்டர். இப்படி இரண்டு தொகுதி, நடுவில் சுமார் 20 செ.மீ. இடைவெளி. மின்சாரம் யுஎஸ்பியின் 5 வோல்ட். ஒரு எல்இடிக்கு ஏறக்குறைய 1.3 வோல்ட் போக, சுமார் 23 மில்லிஆம்பியர் ஓடும், பாதுகாப்பான அளவு. ஓரத்து எல்இடிகளைக் கொஞ்சம் வெளிப்பக்கம் சாய்த்து வையுங்கள், பக்கவாட்டில் நின்றாலும் ரிமோட்டுக்குத் தெரியும்.

எரிகிறதா என்று கண்ணுக்குத் தெரியாது. போனின் செல்ஃபி கேமராவில் பாருங்கள், பெரும்பாலும் ஊதா நிறத்தில் மின்னும்.

சாலிடரிங் பழக இதைவிட நல்ல வேலை கிடையாது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் கூட உட்கார வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் கமெண்ட்டில் கேளுங்கள், சர்க்யூட் வரைந்து போடுகிறேன்.