மேடையில் வாசிக்கும் முன் கேளுங்கள்: இங்கிலாந்து கவுன்சில் தேர்தலில் ஒரு வாக்கு எண்ணிக்கை அனுபவம்

இங்கிலாந்தில் கவுன்சில் தேர்தலில் தெரிந்தவர் ஒருவர் நிற்கிறார், எண்ணிக்கைக்கு ஏஜென்டாக வந்து உட்காரச் சொல்கிறார் என்றால், ஒன்றை மட்டும் மனதில் ஏற்றிக்கொண்டு போங்கள். தேர்தல் நடத்தும் அலுவலர் முடிவை வாசித்துவிட்டால் அதோடு முடிந்தது. அப்புறம் கூட்டலில் பிழை என்று கையில் ஆதாரத்தோடு நின்றாலும் அவரால் எதையும் மாற்ற முடியாது. நீதிமன்றத்தில் தேர்தல் மனு போடுவது ஒன்றுதான் வழி. 21 நாளுக்குள் போட வேண்டும், செலவுக்குப் பிணையாக 2,500 பவுண்டு வரை கட்டச் சொல்வார்கள், வக்கீல் செலவு தனி. எங்கள் வார்டில் அந்த நிலைக்குச் சில நிமிடங்கள்தான் பாக்கி இருந்தன.

இது 2023 மே 4 அன்று நடந்த தேர்தல். நகரத்தின் பெயரையும் ஆட்களின் பெயரையும் எழுதவில்லை. எங்கள் வார்டுக்கு மூன்று கவுன்சிலர்கள், மூன்று இடத்துக்கும் ஒரே நாளில் தேர்தல். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் சுயேச்சையாக நின்றார். நூலகத்தை மூடக் கூடாது, இரவு பேருந்தைத் திரும்ப விட வேண்டும், இந்த இரண்டுக்காகவே நின்றார். நல்ல மனிதர், ஜெயிக்கக்கூடியவரும்கூட. வேட்புமனு சிக்கலில்லாமல் முடிந்தது. முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் போதும், டெபாசிட் கிடையாது.

முதல் தொல்லை ஏஜென்ட் படிவத்தில் வந்தது. எண்ணும் ஏஜென்டுகளின் பெயரையும் முகவரியையும் வாக்குப்பதிவுக்கு ஐந்து வேலை நாள் முன்னதாக எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். நாங்கள் கொண்டுபோன படிவத்தில் ஓர் ஏஜென்டின் அஞ்சல் குறியீடு விடுபட்டிருந்தது என்று கவுன்டரில் இருந்தவர் திருப்பிக் கொடுத்தார். "அவசரமில்லை, வெள்ளிக்கிழமை கொண்டு வாருங்கள், நிறைய நேரம் இருக்கிறது" என்றும் சொன்னார். அண்ணனுக்கு அந்தப் பேச்சில் நம்பிக்கை வரவில்லை. வீட்டுக்கு வந்து தேர்தல் கால அட்டவணையை விரித்துப் பார்த்தார். அந்த வருடம் மே 1 வங்கி விடுமுறை. சனி, ஞாயிறு, அந்தத் திங்கள் எல்லாவற்றையும் கழித்தால் கடைசி நாள் ஏப்ரல் 26, புதன்கிழமை. வெள்ளிக்கிழமை போயிருந்தால் எங்களில் ஒருவர்கூட ஏஜென்டாக உள்ளே போயிருக்க முடியாது. கவுன்டரில் இருப்பவர் எவ்வளவு அன்பாகப் பேசினாலும் தேதியை மட்டும் நீங்களே எண்ணிப் பாருங்கள். படிவத்தைக் கொடுத்தால் பெற்றுக்கொண்டதற்கு ஒரு மின்னஞ்சலாவது கேட்டு வாங்கிவிடுங்கள்.

வாக்குப்பதிவு நாளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கிலாந்தில் உள்ளூர்த் தேர்தலுக்குப் புகைப்பட அடையாள அட்டை கட்டாயமானது அந்தத் தேர்தலில்தான் முதல் முறை. அட்டை இல்லாமல் பூத்துக்கு வந்து, கடைசிவரை ஓட்டுப் போட முடியாமலே போனவர்கள் சுமார் 14,000 பேர் என்று தேர்தல் ஆணையம் பிறகு கணக்குச் சொன்னது. வாசலில் எழுதிவைத்திருந்ததைப் பார்த்துவிட்டு உள்ளே வராமலே திரும்பியவர்கள் அதில் சேரவில்லை. நம் ஆட்களுக்குப் பலருக்கும் தெரியாத விஷயம், இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டும் செல்லும், காமன்வெல்த் நாடுகளின் பாஸ்போர்ட்டை ஏற்றுக்கொள்கிறார்கள். மாணவர் விசாவில் இருக்கும் இந்தியர், இலங்கையர்கூடப் பட்டியலில் பெயர் சேர்த்தால் ஓட்டுப் போடலாம். தபால் ஓட்டுக்கு விண்ணப்பிக்கும்போது தமிழில் கையெழுத்துப் போட்டவர்கள் ஓட்டோடு அனுப்பும் தாளிலும் தமிழிலேயே போட வேண்டும். கையெழுத்தும் பிறந்த தேதியும் ஒத்துப்போகாவிட்டால் அந்த ஓட்டு எண்ணிக்கைக்கே வராது.

எண்ணிக்கை மறுநாள் ஒரு விளையாட்டு அரங்கில் நடந்தது. வாசலில் பட்டியலில் என் பெயர் இல்லை என்றார்கள். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயர் இருக்கும், அந்த எழுத்தில் பாருங்கள் என்றேன். இருந்தது. நம்மைப் போல அப்பா பெயரைப் பின்னால் போடுகிறவர்கள் பாஸ்போர்ட்டில் இருக்கும் வரிசைப்படியே படிவத்தில் எழுதச் சொல்லுங்கள்.

உள்ளே மின்னணு இயந்திரம் எதுவும் கிடையாது. எல்லாம் பென்சிலால் பெருக்கல் குறி போட்ட காகிதம். முதலில் ஒவ்வொரு பெட்டியிலும் இருக்க வேண்டிய சீட்டுகள் இருக்கின்றனவா என்று சரிபார்ப்பார்கள். அப்போது சீட்டுகள் முகம் மேலாக இருக்கும். ஏஜென்ட் தொடக் கூடாது, ஆனால் பார்க்கலாம், குறித்துக்கொள்ளலாம். இந்த நேரத்தைத் தேநீருக்குச் செலவழித்துவிடாதீர்கள். எந்தப் பகுதிப் பெட்டியில் யாருக்கு ஓட்டு விழுந்திருக்கிறது என்பது இங்கேதான் பிடிபடும். அண்ணன் வீட்டுப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பெட்டியில் அவருக்கு நன்றாக விழுந்திருந்தது, நான் கோடு போட்டுக் கணக்கு வைத்திருந்தேன்.

மூன்று இடம் உள்ள வார்டில் எண்ணுவது ஒற்றை இடம் மாதிரி எளிதல்ல. ஒரே கட்சியின் மூவருக்கும் போட்ட சீட்டுகளைத் தனியே கட்டுக் கட்டாக எண்ணிவிடுவார்கள். கலந்து போட்டவைதான் வேலை வைக்கும். சுயேச்சைக்கு வரும் ஓட்டு ஏறக்குறைய எல்லாமே இந்தக் கலப்புச் சீட்டில்தான் இருக்கும். ஒரு பெரிய தாளில் வேட்பாளர் பெயர்கள் வரிசையாக அச்சாகியிருக்கும். அதில் 25 சீட்டுகளை, குறி போடும் கட்டங்கள் மட்டும் தெரியும்படி, கூரைக்கு ஓலை வேய்வது போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒட்டுவார்கள். ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் எத்தனை குறி என்று குறுக்காக எண்ணி வலது ஓரத்தில் எழுதுவார்கள். பிறகு அந்த எண்களை இன்னொருவர் வார்டின் மொத்தத் தாளில் எடுத்து எழுதுவார். நான் அண்ணனுக்கும் அவருக்கு மேலும் கீழும் உள்ளவர்களுக்கும் ஓரத்தில் எழுதிய எண்களைத் தாள் வாரியாக நோட்டில் குறித்துக்கொண்டே இருந்தேன். மேசையில் எண்ணியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். முந்தின நாள் விடியற்காலையிலிருந்து இரவு 10 மணி வரை பூத்தில் இருந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

மாலையில் வேட்பாளர்களையும் ஏஜென்டுகளையும் கூப்பிட்டுத் தற்காலிகக் கணக்கைக் காட்டினார்கள். மூன்றாவது இடத்தில் அண்ணன் பெயருக்கு அடுத்த வரியில் இருந்தவர். நான்காவது ஒரு கட்சிக்காரர். அண்ணன் ஐந்தாவது. என் நோட்டுக்கும் அந்தக் காகிதத்துக்கும் ஒத்துப்போகவே இல்லை. பார்த்தால் சில தாள்களில் அண்ணனுக்கு வர வேண்டிய எண் கீழ் வரியிலும், கீழ் வரிக்காரருக்கு வர வேண்டிய சின்ன எண் அண்ணன் வரியிலும் ஏறியிருந்தது. இருவருக்கும் ஒரே எழுத்தில் தொடங்கும் நீளமான குடும்பப் பெயர். எடுத்து எழுதியவரின் கண் தவறியிருக்கிறது.

துணை அலுவலரிடம் சொன்னேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "மொத்தம் சரியாக வந்திருக்கிறது, எங்கள் கணக்கு நேராகிவிட்டது" என்றார். மொத்தம் நேராகத்தான் இருக்கும். இரண்டு வரிகள் ஒன்றுக்கொன்று மாறினால் கூட்டுத்தொகை எப்படி மாறும்? அதைச் சொன்னதும், மறு எண்ணிக்கை கேட்க ஏஜென்டுக்கு உரிமை இல்லை என்றார். அது உண்மை. வேட்பாளரோ, அவருடைய தேர்தல் வேலைக்கெல்லாம் பொறுப்பாக நியமித்த தேர்தல் முகவரோதான் கேட்க முடியும், அதுவும் எண்ணி முடிக்கும்போது அங்கே இருந்தால்தான். எங்கள் அண்ணனுக்கு அண்ணனேதான் தேர்தல் முகவர். அவரோ சர்க்கரை நோயாளி. அரங்கில் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லாததால் ஊசி போட்டுக்கொண்டு சாப்பிட கார் நிறுத்தும் இடத்துக்குப் போயிருந்தார். கைபேசியை அணைத்து வைக்கச் சொல்லியிருந்தார்கள். ஓடினேன். சோற்றுப் பாத்திரத்தை இருக்கையில் வைத்துவிட்டு அப்படியே வந்தார். "வாசிச்சுப் போட்டினமோ தங்கச்சி?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். வாசிக்கவில்லை. மேடையில் ஒலிபெருக்கியைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள்.

அண்ணன் நேரே தேர்தல் நடத்தும் அலுவலரிடம் போனார். எல்லாவற்றையும் திரும்ப எண்ணுங்கள் என்று கேட்கவில்லை. நியாயமில்லை என்று நினைத்தால் மறு எண்ணிக்கையை மறுக்க அவருக்கு அதிகாரம் உண்டு. "சீட்டு ஒட்டிய இந்தத் தாள்களை மட்டும் மொத்தத் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்" என்று என் நோட்டை முன்னால் வைத்தார். குறிப்பாகக் கேட்டால் மறுப்பது கடினம். நீங்களும் அப்படியே கேளுங்கள். அந்த அம்மையார் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, தாள்களை வரவழைத்து, எல்லோர் முன்னாலும் விரலை வைத்து வரி வரியாக ஒப்பிட்டார். இரண்டாவது தாளிலேயே நிறுத்தி, "மாறியிருக்கிறது" என்று சத்தமாகச் சொன்னார். வார்டின் எல்லாத் தாள்களையும் திரும்ப ஒப்பிட உத்தரவு போட்டார். அவருக்கு இன்றும் நன்றி சொல்வேன். துணை அலுவலர் எங்கள் பக்கமே வரவில்லை.

திருத்திய கணக்கில் கீழ் வரிக்காரர் ஐந்தாவதுக்குப் போனார். அண்ணன் நான்காவது. மூன்றாவது இடம் அந்தக் கட்சிக்காரருக்கு. அவருக்கும் அண்ணனுக்கும் நடுவே ஒற்றை இலக்க ஓட்டுதான் வித்தியாசம். அண்ணன் கட்டுகளை மறுபடி எண்ணக் கேட்டார், எண்ணினார்கள், மாறவில்லை. தோற்றுவிட்டோம். ஜெயித்தவர் பிரச்சாரம் முழுக்க எங்களோடு ஒரு வார்த்தை பேசாதவர். அறிவிப்பு முடிந்ததும் வந்து அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் வந்து கேட்காவிட்டால் நான் இப்போது வீட்டுக்குத்தான் போயிருப்பேன் என்றார்.

ஊடகங்களில் இதெல்லாம் வராது. அந்த வாரம் நாடு முழுக்கக் கன்சர்வேட்டிவ் கட்சி ஆயிரத்துக்கும் மேற்பட்ட கவுன்சிலர்களை இழந்தது என்பதுதான் செய்தி. லெஸ்டர் நகரம் அதற்கு நேர் எதிராகப் போனது. 2019-ல் 54 இடத்தில் 53-ஐ வென்ற லேபர் அங்கே 31-க்கு இறங்கியது, ஓரிடம்கூட வெல்லாதிருந்த கன்சர்வேட்டிவ் 17 பிடித்தது. இப்படி ஓர் எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் அதற்குப் பின்னால் எத்தனை ஒட்டுத் தாள், எத்தனை பேர் எடுத்து எழுதியது என்றுதான் எனக்கு இப்போது தோன்றுகிறது.

அண்ணன் 2027-ல் மறுபடி நிற்கப்போகிறார். இந்த முறை தேர்தல் முகவராகத் தனியாக ஒருவரை நியமிக்கச் சொல்லியிருக்கிறேன். அவர் கடைசிவரை அரங்கை விட்டு வெளியே போகக் கூடாது. ஒருவர் ஒட்டுத் தாள் மேசையைப் பார்க்க வேண்டும், இன்னொருவர் மொத்தத் தாளை எழுதுகிறவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். எத்தனை ஏஜென்டுகளை உள்ளே விடுவார்கள் என்பதைத் தேர்தல் நடத்தும் அலுவலர்தான் முடிவு செய்வார் என்பதால், குறைவாகக் கிடைத்தால் மொத்தத் தாள் பக்கம் நிற்பவரை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.